லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே, வாண்டர்பில்ட் கோப்பை: எஞ்சியதை எப்படிப் பதிவு செய்வது, எதைத் தொடாமல் விடுவது?

#1 தடம்தேடி

நியூயார்க் பக்கம் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வேயின் எஞ்சிய துண்டுகளைப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1904, 1905, 1906-ல் லாங் ஐலண்டின் பொதுச் சாலைகளில் வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயம் நடந்தது. 1906-ல் வேடிக்கை பார்க்க வந்தவர் ஒருவர் கார் மோதி இறந்தார். 1907-ல் பந்தயமே இல்லை. கோப்பையைக் கொடுத்த வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் கூட்டாளிகளோடு சேர்ந்து, கார்களுக்கு மட்டுமான கட்டணச் சாலை ஒன்றை 1908-ல் போடத் தொடங்கினார். அதுதான் பார்க்வே. 1908, 1909, 1910 பந்தயங்களில் அதன் ஒரு பகுதியிலும் கார்கள் ஓடின. க்வீன்ஸிலிருந்து ரான்கான்கோமா ஏரி வரை கடைசியில் சுமார் 45 மைல், 65 பாலங்கள். 1938-ல் மூடிவிட்டு, வரிப் பாக்கிக்கு ஈடாக க்வீன்ஸ், நாசாவ், சஃபோக் என்ற மூன்று கவுன்டிகளிடமும் (மாவட்டம் போன்ற பிரிவு) ஒப்படைத்துவிட்டார்கள்.

கேள்விகள் நான்கு:

1. வீடுகளுக்கு நடுவே மறைந்துபோன இடங்களில் சாலையின் கோட்டைத் தரையில் எப்படிக் கண்டுபிடிப்பது?
2. வெடித்து நிற்கும் காங்கிரீட் வேலித் தூண்களையும் பாலச் சுவர்களையும் பூசிச் சரிசெய்யலாமா? செலவை ஏற்க உள்ளூர்ச் சங்கம் ஒன்று தயார்.
3. குடும்ப ஆல்பங்களில் பந்தயப் படங்கள் கிடைக்கின்றன. எப்படி ஸ்கேன் செய்வது, எந்த வருடம் என்று எப்படிச் சொல்வது?
4. தகவல் பலகையில் "உலகின் முதல் காங்கிரீட் நெடுஞ்சாலை" என்று எழுதலாமா?

#2 சந்தேகராமன்

நாலாவதுக்கு மட்டும் பதில். எழுதாதீர்கள்.

ஒஹாயோவின் பெல்லஃபோன்டைனில் 1891-லேயே காங்கிரீட் தெரு போட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் காங்கிரீட் பந்தயத் தடம் 1907-ல் திறந்தது. "முதல் பார்க்வே" என்றால் ப்ராங்க்ஸ் ரிவர் பார்க்வேக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு 1907-லேயே சட்டம் போட்டாயிற்று, முடிந்தது 1925-ல். டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் போட்ட ஒரு மைல் காங்கிரீட் 1909. அதற்கு மட்டும் பார்க்வே மூத்தது.

பார்க்வேயின் தனித்தன்மை ஒற்றை "முதல்" கிடையாது, மூன்று விஷயங்களின் சேர்க்கை. கார்களுக்கு மட்டுமே என்று வடிவமைத்தது, குறுக்கே வரும் சாலைகளைப் பாலம் போட்டுப் பிரித்தது, கம்பி வலை வைத்த காங்கிரீட் தளம். இந்த மூன்றையும் சொல்லி "ஆரம்பகாலச் சாலைகளில் ஒன்று" என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது. கார்களுக்கு மட்டுமான மற்ற சாலைகளில் பெர்லினின் ஆவுஸ் 1921, இத்தாலியின் மிலான் ஏரிச் சாலை 1924. இந்த இரண்டு வருடங்களைப் பக்கத்தில் போட்டாலே படிப்பவருக்கு விளங்கிவிடும்.

#3 வரைபடப்பித்தன்

முதல் கேள்விக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

பழைய அரசு நில வரைபடத்தைக் கணினியில் விரித்து, அதில் உள்ள கோட்டை அப்படியே இன்றைய வரைபடத்தில் இழுத்துவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. அந்த வரைபடங்கள் 1:62,500 அளவு. தாளில் அரை மில்லிமீட்டர் கனமான கோடு தரையில் 31 மீட்டர். பார்க்வேக்காக வாங்கிய நிலத்தின் அகலமே 100 அடி, அதாவது 30 மீட்டர் சொச்சம். கோட்டின் மைக்குள் மொத்தச் சாலையும் அடங்கிவிடும். ஆகவே அந்த வரைபடம் எந்தத் தெரு, எந்த வயல் என்று சொல்வதற்கு மட்டும். இடத்தைக் குறிக்க உதவாது.

அடுத்தது ஆதாரத் தளம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையை எந்த அடிப்படையில் அளந்தார்கள் என்பது. நாட் 27, நாட் 83 என்பவை வட அமெரிக்காவுக்கான 1927, 1983 ஆதாரத் தளங்கள். நாட் 27-ல் வரைந்ததை நாட் 83 என்று நினைத்துப் போட்டால் நியூயார்க் பக்கம் முப்பது மீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். திரும்பவும் மொத்தச் சாலை அகலம். 1927-க்கு முந்தைய தாள்களுக்கு நாட் 27-ம் கிடையாது, கட்டுப்பாட்டுப் புள்ளி (பழைய தாளிலும் இன்றைய வரைபடத்திலும் தெரியும் ஒரே இடம்) வைத்துத்தான் உட்கார வைக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை இது:

முதலில் வான்படம். க்வீன்ஸுக்கு நியூயார்க் நகரத்தின் 1924 வான்படத் தொகுப்பு இணையத்திலேயே கிடைக்கிறது, அப்போது சாலை ஓடிக்கொண்டிருந்தது. நாசாவ் கவுன்டிக்கு 1947-க்கு முந்தைய படம் கட்டாயம் வேண்டும். அந்த வருடம்தான் லெவிட்டவுன் என்ற பெரிய குடியிருப்பின் வீடுகள் எழும்பத் தொடங்கின. அதற்குப் பிறகு எடுத்த படத்தில் தேடினால் கூரைகள்தான் தெரியும்.

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் 8 முதல் 12 புள்ளிகள். நாலு மூலைக்கும் பரவலாக, நடுவிலும் இரண்டு. ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம், பழைய தேவாலயத்தின் மூலை, மாறாத நாற்சந்தி போன்றவை நல்ல புள்ளிகள். கடற்கரை, மரம், குளத்தின் விளிம்பு வேண்டாம். முதலில் முதல்படி உருமாற்றம் (படத்தை வளைக்காமல் நகர்த்தி, சுழற்றி, அளவு மாற்றுவது) மட்டும் கொடுத்து எந்தப் புள்ளி அடங்காமல் முரண்டு பிடிக்கிறது என்று பாருங்கள். எடுத்ததும் ரப்பர் போல இழுக்கும் முறைக்குப் போனால் தவறான புள்ளியும் அழகாகப் பொருந்திவிடும். பிழை எங்கே என்று பிறகு தெரியவே தெரியாது.

இரண்டாவது, சொத்து எல்லைகள். பார்க்வே சாய்வாக ஓடியது, பின்னால் வந்த தெருக்கள் கட்டம் கட்டமாக வந்தன. கவுன்டி வரி வரைபடத்தில் 100 அடி அகலத்தில் சாய்வாக வெட்டுப்பட்ட மனைகளும் காரணமே இல்லாமல் முக்கோணமாக முடியும் கொல்லைப்புறங்களும் தெரிந்தால், அதுதான். காங்கிரீட்டைப் பெயர்த்துவிடலாம், பத்திரத்தில் உள்ள எல்லை அவ்வளவு லேசில் அழியாது.

மூன்றாவது, லைடார், அதாவது விமானத்திலிருந்து லேசர் அடித்துத் தரையின் உயரத்தை அளப்பது. ஒரு மீட்டர் துல்லிய உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. குறுக்குச் சாலைகளைப் பாலத்தில் தாண்டியதால் இருபுறமும் மண்மேடு கட்டியிருப்பார்கள். பாலம் போயிருக்கும், மேட்டின் வால் இருக்கும். ஒளியை ஒரே திசையில் வைக்காமல் பல திசையில் வைத்து நிழலாக்குங்கள். ஒளி விழும் திசையிலேயே ஓடும் மேடு அதில் தெரியாமல் போய்விடும்.

இந்த மூன்றும் ஒத்துப்போகும் இடத்துக்கு மட்டும் நேரில் போங்கள். போன் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் பிசகும், மரத்தடியில் இன்னும் மோசம். ஒவ்வொரு தூணுக்கும் அசையாத இரண்டு பொருள்களிலிருந்து டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். மின்கம்பத்தின் எண், கட்டட மூலை, தண்ணீர்க் குழாய் மூடி, எதுவானாலும் சரி. தூண் நாளை காணாமல் போனாலும் அந்த இரண்டு அளவை வைத்து இடத்தை மீட்கலாம்.

#4 தடம்தேடி

மிக்க நன்றி ஐயா. நாசாவ் கவுன்டியில் பல இடம் உயர் அழுத்த மின்கம்பித் தடமாக இருக்கிறதே, அங்கே?

#5 வரைபடப்பித்தன்

அதனால்தான் அந்தத் துண்டுகள் பிழைத்தன. கம்பிக்குக் கீழே வீடு கட்ட விடமாட்டார்கள். ஆனால் வேலிக்குள் நுழைய எழுத்தில் அனுமதி வேண்டும். ட்ரோன் வேண்டாம். உலோக டேப்பும் வேண்டாம், ஃபைபர் டேப் எடுத்துப் போங்கள். மார்ச் மாதம் போனால் இலை இருக்காது, விஷக்கொடியும் குறைவு.

#6 கலவைக்காரர்

இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: சங்கத்துக்காரர்கள் சிமென்ட் மூட்டையோடு கிளம்புவதற்குள் தடுத்துவிடுங்கள். நூறு வருட மழையும் பனியும் செய்யாத சேதத்தை ஒரு சனிக்கிழமைப் பூச்சு செய்துவிடும்.

1908 காங்கிரீட் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அது ஏன் வெடிக்கிறது என்று புரியும். அந்தக் காலச் சிமென்ட் கரடாக அரைத்தது, மெதுவாக இறுகும். சாலைத் தளத்தின் முதல் பகுதிகளில் ஹாசம் முறையைப் பயன்படுத்தினார்கள். உடைத்த ஜல்லியைப் பரப்பி உருளை ஓட்டி, அதன் மேல் சிமென்ட் குழம்பை ஊற்றி இடுக்குகளை நிரப்புவது. கலந்து கொட்டும் காங்கிரீட் அல்ல. குழம்பு இறங்காத இடத்தில் பொந்து இருக்கும். நுண்காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே சேர்க்கும் நுட்பம் 1930-களில்தான் வந்தது. அந்தக் குமிழி இல்லாத காங்கிரீட்டுக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால் விரிவதற்கு இடமில்லை. அதனால் மேல்தோல் செதில் செதிலாக உதிரும். இது ஒரு நோய்.

இன்னொரு நோய் கம்பித் துரு. காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போகப் போகக் காங்கிரீட்டின் காரத்தன்மை இறங்கும். கம்பியை அந்தக் காரம்தான் துருவிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. துரு பிடித்த இரும்பு பல மடங்கு இடம் கேட்கும், மேல் உறையைத் தள்ளிவிடும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் இடத்தில், அதாவது பாலத்துக்கு அடியில் கார் போகும் பக்கச் சுவரில், குளோரைடும் சேர்ந்து இதை விரைவுபடுத்தும்.

எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கிடையாது. சோதனைகள் சுலபம்தான்:

சுத்தியால் தட்டுங்கள். திடமான இடம் கணீரென்று கேட்கும், உள்ளே பிரிந்த இடம் தொப்பென்று. சாக்பீஸால் எல்லை வரைந்து, அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

புதிதாக உடைந்த முகத்தில் ஒரு சதவீத பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பானால் காரம் இருக்கிறது, நிறம் மாறாவிட்டால் போய்விட்டது. விளிம்பிலிருந்து சிவப்பு தொடங்கும் ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். அந்த ஆழம் கம்பியைத் தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. பழைய முகத்தில் தெளித்தால் எப்போதும் நிறமற்றுத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். இதற்காகப் புதிதாக உடைக்கவும் கூடாது. ஏற்கெனவே விழுந்து கிடக்கும் சில்லைப் பிளந்தால் போதும்.

பாலச் சுவர் என்றால் அரை மின்கல அழுத்தம் (உள்ளிருக்கும் கம்பியின் மின்னழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். செம்பு-செம்பு சல்ஃபேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. இதையும் பாறையியல் சோதனையையும் (மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்ப்பது) சோதனைக்கூடம்தான் செய்ய வேண்டும்.

இவ்வளவும் முடிந்து, பாலம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் அனுமதியும் கிடைத்த பிறகு ஒட்டு போடுவதானால்:

ஓரத்தை அரை முதல் முக்கால் அங்குல ஆழத்துக்கு நேராக அறுக்க வேண்டும். சரிவாகத் தேய்த்து மெல்லிய விளிம்பில் முடித்தால் முதல் குளிர்காலத்திலேயே அப்பளம் மாதிரி எழும்பும். துருப்பிடித்த கம்பிக்குப் பின்னாலும் முக்கால் அங்குலம் இடம்விட்டுக் குடைந்து, துருவைச் சுத்தமாக எடுக்க வேண்டும். பாதிக் கம்பியை மூடி மேலே பூசினால் வேலை வீண். பழைய பரப்பை முந்தின நாளே நனைத்து, மேலே தண்ணீர் நிற்காமல் உள்ளே ஈரமாக இருக்கும் நிலையில் கலவை வைக்க வேண்டும்.

கலவை பழையதைவிட ரொம்ப வலுவாக இருக்கக் கூடாது. பழையது 'விட்டுக்கொடுக்கும்', புதியது கொடுக்காது, சந்தில் பிளக்கும். சோதனைக்கு, கன அளவில் சிமென்ட் 1, மணல் 2½, சிறு ஜல்லி 3 என்று தொடங்கி, காற்றுக் குமிழி மருந்து சேர்த்து, நாலைந்து மாதிரிப் பலகை வார்த்துப் பாருங்கள். நிறத்துக்குச் சாம்பல் சிமென்ட்டோடு வெள்ளைச் சிமென்ட்டைக் கலந்து பாருங்கள், நிறப்பொடியைக் கடைசியில் யோசிக்கலாம். லாங் ஐலண்ட் மணலும் கூழாங்கல்லும் பனியாறு உருட்டிக் கொண்டுவந்தவை, விளிம்பு மழுங்கியவை. கூர்முனை உடைகல்லைப் போட்டால் இருபது அடி தூரத்திலேயே ஒட்டு தெரியும். ஆனால் ஹாசம் தளம் உடைகல்லில் ஆனது, ஆகவே எது எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாதிரியை 28 நாள் காயவிட்ட பிறகுதான் நிறம் ஒப்பிட வேண்டும், ஈரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒட்டு வைத்ததும் ஏழு நாள் ஈரச் சாக்கு. வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் வாரத்தில் தொடவே வேண்டாம்.

நன்றாகப் போட்ட ஒட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. புதுக் காங்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாகிவிடும். அதே கம்பி பக்கத்தில் உப்பேறிய பழைய காங்கிரீட்டுக்குள்ளும் ஓடுமே, துரு அங்கே நகர்ந்து வேகம் பிடிக்கும். ஒட்டைச் சுற்றி வளையமாக வெடிப்பு வருவது இதனால்தான். இரண்டு வருடம் கழித்து "காண்ட்ராக்டர் ஏமாற்றிவிட்டார்" என்பார்கள், பெரும்பாலும் அவர்மேல் தப்பிருக்காது.

#7 தடம்தேடி

அப்படியானால் தனித் தூண்களுக்கு என்னதான் செய்வது? வெள்ளை பெயின்ட், நீர்த்தடுப்புப் பூச்சு? பாலத்தில் கிறுக்கியிருக்கிறார்கள், அதையாவது அழிக்கலாமா?

#8 கலவைக்காரர்

தூணுக்கு: தலைப்பகுதியில் தண்ணீர் தேங்காமல், வேர் நெருக்காமல், அடியில் இலைமட்கு குவியாமல் பாருங்கள். புல்வெட்டும் எந்திரம் மோதாமல் சுற்றிலும் இரண்டடிக்குப் புல்லை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான். இந்தத் தூண்களைப் பனியைவிட அதிகம் சாய்த்தது புல்வெட்டிதான்.

பெயின்ட் வேண்டாம். ஆவி போகாத படலம் எதுவானாலும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். உறையும்போது படலத்தோடு தோலும் உரியும்.

கிறுக்கலுக்கு உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. மேல் சிமென்ட் போய் ஜல்லி வெளியே வந்துவிடும். அந்தப் பரப்பு முன்னைவிட அதிகமாக அடுத்த பெயின்டை உறிஞ்சும். கரைப்பானைக் களிமண்ணோடு பிசைந்து அப்பி, காய்ந்ததும் எடுக்கும் முறையைக் கையகல இடத்தில் முயன்று பாருங்கள். நிழல் போலக் கொஞ்சம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

#9 கோப்புக்கட்டு

சட்டப் பக்கம் ஒரு தெளிவு. க்வீன்ஸில் கன்னிங்ஹாம் பூங்காவுக்கும் ஆலி பாண்ட் பூங்காவுக்கும் இடையிலான துண்டு 2002-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அங்கிருந்து காரில் அதிக தூரமில்லை. நியூயார்க் நகரப் பூங்கா ஆணையராக இருந்த ராபர்ட் மோசஸ் 1938-லேயே அதைச் சைக்கிள் பாதையாகத் திறந்துவிட்டதால்தான் அது பிழைத்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் பொலிவார்ட், 73-ஆவது அவென்யூ பாலங்கள் அங்கேதான் நிற்கின்றன.

பதிவேட்டில் ஏறினால் யாரும் தொட முடியாது என்று நினைப்பது தவறு. தனியார் தன் சொந்தக் காசில் இடித்தால் பதிவேடு தடுக்காது. ஒன்றிய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்டால்தான் 1966 தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு எழுந்து நின்று "பாதிப்பு என்ன, மாற்று வழி என்ன" என்று கேட்கும். நகர நினைவுச்சின்ன ஆணையத்தின் அறிவிப்பு வேறு, மாநிலச் சட்டம் வேறு.

புதுத் துண்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு கணக்கை முதலில் போட வேண்டும். இடம், வடிவமைப்பு, சூழல், பொருள், கைவேலை, உணர்வு, தொடர்பு என்று ஏழு கோணத்தில் முழுமை பார்ப்பார்கள். நீளமான சின்னங்களுக்கு எது சேரும், எது சேராது என்று மைல் மைலாகப் பட்டியல் கேட்பார்கள். "பாலம் – சேரும், தார் மேற்பூச்சு – சேராது, அடியிலுள்ள காங்கிரீட் – சேரும்" என்பதைப் போல. நண்பர் வரைபடப்பித்தன் சொன்ன அளவுகள் இல்லாமல் இந்தப் பட்டியல் எழுத முடியாது.

கட்டடத்தை நகர்த்துவது கடைசி வழி. கட்டடக் கலைஞர் ஜான் ரசல் போப் வடிவமைத்த சுங்க விடுதிகளில் (கட்டணம் வசூலித்த வீடுகள்) கார்டன் சிட்டியில் இருந்ததை 1989-ல் ஏழாவது தெருவுக்கு நகர்த்திக் காப்பாற்றினார்கள். நகர்த்தியிராவிட்டால் இன்று இருந்திருக்காது. ஆனால் சுங்க விடுதிக்குச் சாலைதான் அர்த்தம். இடம் பெயர்ந்த கட்டடத்தைப் பதிவேடு பொதுவாக ஏற்காது, விதிவிலக்குக்குத் தனியாக வாதாட வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டிய நிலை வந்தால், பழைய இடத்தின் அடித்தளம், வாசல் பார்த்த திசை, சாலை விளிம்பிலிருந்து தூரம் மூன்றையும் முன்னாலேயே அளந்துவிடுங்கள்.

சஃபோக் பக்கம் பார்க்வே இன்னும் ஓடும் சாலை, கவுன்டி ரூட் 67. அங்கே ஆபத்து புல்டோசர் அல்ல, மில்லிங் எந்திரம். மேல்தாரைச் சுரண்டி மறுபடி போடும்போது ஆழம் தவறினால் அடிக் காங்கிரீட்டையும் கடித்துவிடும். டெண்டர் போவதற்கு முன் சாலைத் துறையிடம் சுரண்டும் ஆழம் என்ன, தார் கனம் எத்தனை என்று எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

#10 பெட்டிச்சாவி

மூன்றாவது கேள்வி, படங்கள்.

ஸ்கேனரைத் தொடும் முன் பிலிம்களைப் பிரியுங்கள். 1904–10 காலத்தில் பார்வையாளர்கள் எடுத்த ரோல் பிலிம் எல்லாம் நைட்ரேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், தீப்பிடிக்கும் பொருள். மஞ்சளாகி, பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் மற்ற படங்களோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத தகர டப்பாவிலும் அடைக்காதீர்கள். கொளுத்திப் பார்க்கும் சோதனை என்று இணையத்தில் உலவுவதைச் செய்யவே செய்யாதீர்கள். தபாலில் அனுப்பினாலும் ஆபத்துப் பொருள் விதி உண்டு.

கண்ணாடித் தகடு: விளிம்பைப் பிடித்து இரண்டு கையால் தூக்க வேண்டும். நாலு மடிப்பு உறை, அமிலமில்லாத தாள். நீளப் பக்கம் கீழே வரும்படி நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் அடித்தகடு போய்விடும். ஈரப்பதம் 30–40 சதவீதம், அறை 18 டிகிரிக்குப் பக்கம். பிளந்த தகட்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். துண்டுகள் ஒன்றையொன்று உரசாமல் அட்டையில் தனித்தனியாகப் படுக்க வையுங்கள்.

ஸ்கேன்: 5×7 அங்குலத் தகட்டுக்கு 1200 பிபிஐ (அங்குலத்துக்கு 1200 புள்ளி), 16 பிட் சாம்பல், சுருக்காத டிஃப் கோப்பு. ஒரு கோப்பு சுமார் 100 எம்பி வரும், பயப்பட வேண்டாம். தானியங்கித் தூசி நீக்கம், கூர்மையாக்கம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். தூசி நீக்கும் மென்பொருளுக்குக் கம்பி வேலியும் கீறல்தான். தகட்டின் விளிம்பு முழுதும் விழ வேண்டும், புகைப்படக்காரர் கீறிய எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். முதலில் பக்கம் முழுவதையும் எடுத்து, பிறகு தனிப்படம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது ஒட்டியிருந்தது என்பதும் ஒரு சான்று.

அஞ்சலட்டையாக அச்சிட்ட படமானால் பின்பக்கத்தைத் தவறாமல் ஸ்கேன் செய்யுங்கள். அமெரிக்காவில் செய்திக்கும் முகவரிக்கும் நடுக்கோடு போட்ட அட்டை 1907 மார்ச் 1-லிருந்துதான் செல்லும். கோடு இருந்தால் அந்த அட்டையை 1904–06-ல் அச்சிட்டிருக்க வாய்ப்பில்லை. தபால்தலைக் கட்டத்தில் ஆஸோ (படத்தாளின் வணிகப் பெயர்) என்ற எழுத்தும் மேல் நோக்கிய நாலு முக்கோணமும் இருந்தால் 1904–18. ஆனால் இது தாளின் வயது. பழைய நெகட்டிவிலிருந்து பிறகு அச்சடித்திருக்கலாம்.

#11 சங்கிலி16

படத்தின் வருடத்தைச் சாலையை வைத்தே பாதி முடித்துவிடலாம். கார் ஓடும் தளம் காங்கிரீட்டாகத் தெரிந்தால் 1908-க்கு முன் இல்லை, முடிந்தது வழக்கு. மண் சாலை என்றால் 1904–06.

அடுத்து கார். ஜெயித்த காரும் ஓட்டியவரும்: 1904 பனார், ஹீத். 1905 டராக், எமரி. 1906 டராக், வாக்னர். 1908 லோகோமொபைல், ராபர்ட்சன். 1909, 1910 இரண்டும் ஆல்கோ, ஹாரி கிராண்ட். ஜெயித்த காரின் எண் தெரிந்தால் வருடம் தெரிந்தது.

#12 பெட்டிச்சாவி

சங்கிலி16, முதல் பாதி சரி, இரண்டாம் பாதி ஆளைக் கவிழ்க்கும். 1908-ல் ஒரு சுற்று 23.46 மைல். 1909, 1910-ல் 12.64. இரண்டிலும் பார்க்வே ஒரு பகுதிதான், மிச்சமெல்லாம் வழக்கமான பொதுச் சாலை. ஆகவே மண் சாலைப் படம் 1908, 1909, 1910-லும் இருக்கலாம். காங்கிரீட் தெரிந்தால் வருடத்துக்குக் கீழ் வரம்பு கிடைக்கும். மண் தெரிந்தால் எதுவும் கிடைக்காது.

எண்ணிலும் வில்லங்கம். 1908 அக்டோபர் 10-ல் மோட்டார் பார்க்வே ஸ்வீப்ஸ்டேக்ஸ், 24-ல் வாண்டர்பில்ட் கோப்பை. இரண்டு வார இடைவெளி, அதே சாலை, எண் வரிசை வேறு. 1909-ல் சிறிய கார்களுக்கான போட்டிகளும் கோப்பைப் பந்தயத்தோடு ஒரே நாளில் ஓடின. இன்னொரு பொறி: 1936, 1937-ல் ரூஸவெல்ட் ரேஸ்வேயில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பை வேறொன்று, நுவொலாரியும் ரோஸ்மேயரும் ஜெயித்தது. "வாண்டர்பில்ட் கோப்பை, லாங் ஐலண்ட்" என்று மட்டும் எழுதிய உறைக்குள் முப்பது வருட வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

#13 சங்கிலி16

ஒத்துக்கொள்கிறேன். மண் சாலை விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

கார் பக்கம் ஒன்றைச் சேர்க்கிறேன். 1908-ல் ஜெயித்த 16-ஆம் எண் லோகோமொபைலை, அதாவது 'ஓல்ட் 16'-ஐ, தனி அடையாளமாக எடுக்கும்போதும் கவனம் வேண்டும். ஆண்ட்ரூ ரைக்கர் வடிவமைப்பில் 1906-ல் பிரிட்ஜ்போர்ட்டில் கட்டியது ஒன்றல்ல, இரண்டு. 1908-ல் இரண்டும் ஓடின. ராபர்ட்சன் முதலிடம், ஜோ ஃப்ளோரிடா மூன்றாமிடம். பக்கவாட்டில் எண் தெரியாத படத்தில் "இதுதான் 16" என்று எழுதக் கூடாது.

நாலு சிலிண்டர், விட்டம் 7¼ அங்குலம், வீச்சு 6 அங்குலம், மொத்தம் 990 கன அங்குலம், நம் கணக்கில் 16.2 லிட்டர். சங்கிலி இழுவை. 1941-ல் ஓவியர் பீட்டர் ஹெல்க் கைக்கு வந்தது, இன்று டியர்பார்னில் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காரின் மதிப்பு அதைப் புதுப்பிக்காமல் விட்டதில்தான். பழைய பெயின்டும் அழுக்கும் இருப்பதால்தான் 1908 படங்களோடு கீறல் கீறலாக ஒப்பிட முடிகிறது. பளபளவென்று வண்ணம் அடித்திருந்தால் பொம்மை கிடைத்திருக்கும், சாட்சி போயிருக்கும். கலவைக்காரர் தூண்களுக்குச் சொன்னதும் இதுதானே.

#14 கலவைக்காரர்

ஆமாம். ஆனால் காருக்குக் கூரை இருக்கிறது, தூணுக்கு இல்லை. தூணில் ஒன்றும் செய்யாமல் விடுவதற்கும் எல்லை உண்டு. பாலத்தின் அடிப்பக்கத்தில் பிரிந்து தொங்கும் சில்லு கீழே சைக்கிளில் போகிறவர் தலையில் விழும் என்றால், படம் எடுத்துவிட்டு உடனே தட்டி இறக்க வேண்டியதுதான். இறக்கிய சில்லைக் குப்பையில் போடாமல் எண் எழுதி வையுங்கள், பாறையியல் சோதனைக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

#15 தடம்தேடி

செய்தித்தாள் தேடலில் ஒரு சிக்கல். "லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே" என்று முழுப்பெயரில் தேடினால் கொஞ்சம்தான் வருகிறது.

#16 பெட்டிச்சாவி

முழுப்பெயர் ஒரே வரியில் அச்சானால்தான் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பிடிக்கும். பத்தி குறுகலானது, பெயர் இரண்டு வரியாக உடைந்திருக்கும். "மோட்டார் பார்க்வே" என்று மட்டும் தேடுங்கள். "வாண்டர்பில்ட் பார்க்வே" தனியாக ஒரு தேடல். பிறகு தலைமைப் பொறுப்பில் இருந்த ஏ. ஆர். பார்டிங்டன் பெயரில். அவர் பெயரில் நிலம் வாங்கிய செய்தி, பாலம், சுங்கம், பந்தய விதி எல்லாம் வரும். ப்ரூக்லின் டெய்லி ஈகிள் இலவசமாகவே கிடைக்கிறது. சுங்கக் கட்டணத்தை வைத்தும் காலம் பிரிக்கலாம்: தொடக்கத்தில் 2 டாலர், 1912-ல் ஒன்றரை, 1917-ல் 1, கடைசியில் 40 சென்ட். சென்டர்போர்ட்டில் உள்ள சஃபோக் கவுன்டி வாண்டர்பில்ட் அருங்காட்சியகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். போகும் முன் என்ன பெட்டி, என்ன வருடம் என்று எழுதிக் கேட்டால் வேலை நடக்கும். "பார்க்வே பற்றி எல்லாம் காட்டுங்கள்" என்றால் யாராலும் உதவ முடியாது.

#17 தடம்தேடி

கடைசியாக ஒன்று. கோப்புப் பெயர் எப்படி வைப்பது? இப்போது "பாலம் 1", "பாலம் 1 புதிது", "பாலம் கடைசி" என்று ஓடிக்கொண்டிருக்கிறது.

#18 வரைபடப்பித்தன்

மேற்கிலிருந்து கிழக்காக எண் கொடுங்கள், இடையில் புதிதாகக் கிடைக்கும் என்பதால் பத்துப் பத்தாகத் தாவுங்கள்: 0010, 0020, 0030. கவுன்டி எழுத்து, எண், பொருள், தேதி, பார்த்த திசை. க்வீன்ஸில் 120-ஆவது பொருள் ஒரு தூண், 2024 மார்ச் 9, வடக்குப் பார்த்து என்றால்: க்யூ-0120-தூண்-20240309-வ. தேதியில் வருடம் முன்னால், மாதம் எப்போதும் இரண்டு இலக்கம். வருடம் கழித்து அதே தூணை அதே திசையில் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வெடிப்பு எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது என்று தெரியும், சட்டகத்தில் அளவுகோல் இருந்தால்.

#19 தடம்தேடி

இருந்த பெயர்களை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லிச் சங்கத்துக்கும் எழுதியாயிற்று. மார்ச்சில் அளவுகளோடு வருகிறோம்.